ஹார்மோன் மாத்திரையும் எக்கியார்குப்பத்து அக்காக்களும்

எனக்கு மாதவிடாய் நின்றபோது வயது 41. அதுவாக நிற்கவில்லை. கர்ப்பப்பையில் கட்டி என்று ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தார்கள். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். சினைப்பை போன விஷயம், வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் சீட்டை நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது. தையல் பிரிக்கப் போன அன்று கேட்டேன். "ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனிமே அதால உனக்கு என்னம்மா பிரயோஜனம்?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

பிரயோஜனம் என்ன என்று எனக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. இயல்பாக மாதவிடாய் நிற்கும் பெண்ணுக்குச் சினைப்பை சில ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஓயும். ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறையும். சினைப்பையை அறுத்து எடுத்தால் அது சில நாளிலேயே தரையைத் தொட்டுவிடும். நெஞ்சிலிருந்து கிளம்பி முகத்துக்கு ஏறும் அனல், நடுராத்திரியில் நனைந்துபோகும் ஜாக்கெட், காரணமே இல்லாத கோபம், மூட்டு வலி, சிறுநீர் எரிச்சல் எல்லாம் ஒன்றாக வந்தன. கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது வியர்த்துக் கொட்டும். மேடையில் இருந்த தோழர் ஒருவர் "அக்காவுக்கு பி.பி. போல" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். நல்ல எண்ணத்தில்தான்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை ஏன் எழுதுகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். உங்கள் அம்மாவுக்கு இது நடந்துகொண்டிருக்கிறது, அல்லது நடந்து முடிந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் பதிவு பண்ணும் மனுக்களிலும் கணக்கெடுப்புகளிலும் இது ஒரு வரியாகக்கூட இல்லை என்பதாலும்தான்.

என் அம்மா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவர். மழை நின்று தை, மாசியில் பாத்தி கட்டத் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை வரும்வரை வேலை. சேலைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதற்கு மேல் சும்மாடு, அதற்கு மேல் உப்புக் கூடை. கீழே உப்புத் தண்ணீர், மேலே சூரியன், நடுவில் வெள்ளை வெளேர் என்று கண்ணைக் குத்தும் வெளிச்சம். அம்மாவுக்கு மாதவிடாய் நின்ற வருடங்களில் அவர் இந்த வெயிலில்தான் நின்றார். "உள்ள ஒரு அடுப்பு, வெளிய ஒரு அடுப்பு" என்று சொல்வார். நாங்கள் அதை விடுகதை மாதிரி கேட்டுச் சிரித்திருக்கிறோம்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருக்கிறது. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். இப்போது இதோடு ஈஸ்ட்ரோஜன் குறைவையும் சேர்த்துப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் சிறுநீர்ப்பாதையின் உள்தோலும் பிறப்புறுப்பின் தோலும் மெலிந்து வறண்டு போகும். கிருமித் தொற்று அடிக்கடி வரும். அந்தத் தோலில் உப்பும் வியர்வையும் பட்டால் எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் தெருவில் அதற்கு "சூடு பிடிச்சிருக்கு" என்று பெயர். வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார்கள், நீராகாரம் குடிப்பார்கள். மறுநாள் வேலைக்குப் போவார்கள்.

எனக்கு 43 வயதில்தான் ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்தார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சின்ன வயசுல ரெண்டு ஓவரியும் எடுத்துட்டு ஒண்ணுமே குடுக்கலையா?" என்று கேட்டார். இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரைக்குமாவது ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதுதான் வழக்கம், இல்லையென்றால் எலும்பும் இதயமும் சீக்கிரம் கெடும் என்றார். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு, ஈரல் நோய் இருந்ததா, காரணம் தெரியாத ரத்தப்போக்கு உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சீட்டு எழுதிக் கொடுத்தார். மாத்திரை அங்கே இல்லை, வெளியே வாங்க வேண்டியிருந்தது.

மாத்திரை வேலை செய்தது. மூன்றாவது வாரத்தில் முழு இரவு தூங்கினேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை யாரும் சொல்லித்தரவில்லை. மார்பு இரண்டும் கல் மாதிரி வலித்தன, பேருந்தில் கூட்டத்தில் யாராவது இடித்தால் உயிர் போகும். காலையில் குமட்டல். மூன்றாவது பிள்ளையா என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்டார், கர்ப்பப்பையே இல்லாதவளிடம். வயிறு உப்பிக்கொண்டது. தலைவலி. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்.

இந்த நேரத்தில் எனக்கு உதவியவர் கூவாகம் திருவிழாவில் பழக்கமான ஒரு திருநங்கை தோழி. போனில் அழாத குறையாகச் சொன்னபோது அவள் சிரித்தாள். "அக்கா, நீ இப்பதான் ஆரம்பிச்சிருக்க. நாங்க இதுல டிகிரி வாங்கினவங்க" என்றாள். அவள் போடுவதும் ஈஸ்ட்ரோஜன்தான், நான் போடுவதும் ஈஸ்ட்ரோஜன்தான். வெறும் வயிற்றில் போடாதே, ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போடு, குமட்டல் தூக்கத்திலேயே போய்விடும் என்றாள். மார்பு வலிக்கு இறுக்கமான பாடியை விட்டுவிட்டு அகலமான பட்டை வைத்ததைப் போடச் சொன்னாள். முதல் மூன்று மாதம் உடம்பு சண்டை போடும், அதற்குள் நீயாக நிறுத்திவிடாதே என்றாள். ஒன்றைமட்டும் குரலை மாற்றிச் சொன்னாள்: "ரெண்டு காலும் வலிச்சா சரி. ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடா இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்." அது ரத்தக்கட்டின் அறிகுறி. வாய்வழியாக எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் ஈரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். தோலில் தடவும் ஜெல்லோ ஒட்டும் பட்டையோ ஈரலைச் சுற்றிக்கொண்டு போவதால் அந்த ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. இதை மருத்துவரிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். திருநங்கைகளுக்கு இந்த அறிவு எப்படி வந்தது என்று யோசியுங்கள். யாரும் கற்றுக்கொடுக்காததால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நம் அம்மாக்கள் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு ஜெல்லுக்கு மாறினேன். தலைவலி குறைந்தது. ஆனால் விலை? ஒரு டியூப் வாங்க ஒரு நாள் உப்பளக் கூலிக்கு மேல் ஆகிறது. ஒட்டும் பட்டை எங்கள் ஊருக்கு ஆகவே ஆகாது, சித்திரை வியர்வையில் பகல் சாப்பாட்டுக்குள் கழன்று சேலையில் ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டுக் குளிருக்குச் செய்த மருந்து என்று எனக்கு ஒரு சந்தேகம். ஜெல்லையும் குளித்து, உடம்பைத் துடைத்து, ராத்திரி தடவி, காயும்வரை காற்றாட உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ஒரு பெண் தொடையில் மருந்து தடவிக் காயவைக்க எங்கே போவாள்? நான் கொல்லைக் குளியல் தடுப்புக்குள் நின்றேன், கொசுக்கடியில்.

புற்றுநோய் வரும் என்ற பயத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இதைச் சொன்னதும் பாதிப் பெண்கள் மாத்திரையைக் கீழே வைத்துவிடுவார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. அமெரிக்காவில் 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் எழுதிய ஒரு புத்தகம், ஈஸ்ட்ரோஜன் போட்டால் பெண் என்றைக்கும் இளமையாக இருக்கலாம் என்று விற்றது. அவருக்குப் பின்னால் மருந்துக் கம்பெனிப் பணம் இருந்தது. கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் வரும் என்று 1975-ல் தெரிந்தது. அதனால் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2002 ஜூலையில், 16,608 பெண்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள். கூட்டு மருந்து எடுத்தவர்களில் 10,000 பேருக்கு ஆண்டுக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். பக்கவாதமும் 8 பேர் கூடுதல். இடுப்பெலும்பு முறிவு 5 பேர் குறைவு. உலகமெங்கும் பத்திரிகைகள் "ஹார்மோன் கொல்லும்" என்று எழுதின.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள் அதில் நிறைய. பெரும்பாலும் வெள்ளையினப் பெண்கள். கர்ப்பப்பை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 41 வயதில் சினைப்பையை இழந்தவளின் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒன்றல்ல. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அந்த மருந்துகளின் மேல் ஒட்டியிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. பத்தாயிரத்தில் எட்டு என்று எண்ணிக்கையோடு சொன்னால் ஒரு பெண் தானே முடிவு பண்ணிக்கொள்வாள் என்கிறேன். எங்களிடம் யாரும் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. "போடு" என்கிறார்கள், அல்லது "போடாதே" என்கிறார்கள்.

எக்கியார்குப்பத்துக்கு நான் போனது வேறு வேலையாக. 2023 மே மாதம் அந்த ஊர்ப் பெயரை நாடே கேட்டது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து எக்கியார்குப்பத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். கேமராக்கள் வந்தன, அமைச்சர்கள் வந்தார்கள், பத்து லட்சம் நிவாரணம் அறிவித்தார்கள். பிறகு எல்லாரும் போய்விட்டார்கள். குடும்பத்தை இழுக்கிற வேலை பெண்கள் தலையில் விழுந்தது. அது மீனவர் ஊர், நான் காலனிக்காரி. அவர்கள் எங்கள் தெருவுக்கு மீன் கூடையோடு வருவார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் முறை. ரேஷன் கார்டில் பெயர் மாற்றும் மனு எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு அனல் ஏறியது. ஜெல் தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எதிரே இருந்த அக்கா ஒன்றும் கேட்காமல் விசிறியை எடுத்து வீசினார். "எனக்கும்தாம்மா. ஒரு வருஷமா" என்றார்.

மனு எழுதும் வேலை அப்படியே நின்றது. ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒரு அக்கா புதுச்சேரியில் காட்டிக் கூட்டு மாத்திரை வாங்கியிருக்கிறார். இரண்டு மாதத்தில் திட்டுத்திட்டாக ரத்தம் பட்டதும் பயந்துபோய் நிறுத்திவிட்டார். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு இந்த மருந்தில் முதல் சில மாதங்கள் அப்படிப் படுவது சகஜம். ஆறு மாதத்துக்குப் பிறகும் பட்டால், அல்லது நின்றுபோய் மறுபடி வந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். மாத்திரையே போடாத பெண்ணுக்கு மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் காட்ட வேண்டும். இந்த மூன்று வாக்கியத்தைச் சீட்டு எழுதியவர் சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார். அதைவிட மோசம், நிறுத்திய மாத்திரையில் மீதி இருந்ததை ஓரகத்திக்குக் கொடுத்திருக்கிறார். ஓரகத்திக்குப் பக்கவாதம் வந்து தேறிய உடம்பு. நல்லவேளை, அவர் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்ததோடு சரி, போடவில்லை.

சிறுநீர் எரிச்சலைப் பற்றிக் கடைசியாக, குரலைத் தாழ்த்தி, ஒரு அக்கா கேட்டார். அதற்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது, அது ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் கலக்கும், மாத்திரைக்குள்ள பயம் அதற்குப் பெரும்பாலும் வேண்டாம், டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள் என்றேன். எலும்புக்கு என்ன சாப்பிடுவது என்று பேச்சு வந்தபோது கேழ்வரகும் முள்ளோடு மெல்லும் நெத்திலியும் என்றேன். "நெத்திலிக் கருவாடு?" என்றார் ஒருவர். பி.பி. உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். உப்பு விளைகிற ஊரில் உப்பைக் குறை என்று சொன்னதற்குச் சிரித்தார்கள்.

இனி உங்களுக்கான பாடத்துக்கு வருகிறேன். மாதவிடாய் நிற்பது பற்றிய ஆராய்ச்சிகளில் இந்தியாவின் பெயரால் அடிக்கடி காட்டப்படும் ஒன்று, மானுடவியலாளர் மார்ஷா ஃப்ளிண்ட் 1970-களில் செய்தது. 483 ராஜ்புத் பெண்களைப் பார்த்தார். மாதவிடாய் ஒழுங்கில் ஏற்படும் மாற்றத்தைத் தவிர அவர்களுக்குத் தொல்லைகள் இல்லை என்றார். தீட்டு நின்றதும் முக்காடும் வீட்டுக்குள் அடைபடுவதும் குறைகிறது, மரியாதை கூடுகிறது, அதனால் அது தண்டனையாக இல்லாமல் வெகுமதியாக இருக்கிறது என்று விளக்கினார். ராஜ்புத் பெண்களைப் பற்றி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதிலிருந்து "இந்தியப் பெண்களுக்கு அனல் வருவதில்லை" என்று ஒரு கதை கிளம்பியது. என் அம்மாவை யாரும் வீட்டுக்குள் அடைத்ததில்லை. தீட்டு நாளிலும் அவர் உப்பு வாரினார். அடைபடாதவளுக்கு எந்த விடுதலை வெகுமதியாகக் கிடைக்கும்? ஒரு சாதிப் பெண்ணின் உடம்பை எடுத்து எல்லாப் பெண்களுக்கும் போர்த்துவது இங்கே புதிதல்ல. படிக்கிற ஆய்விலெல்லாம் "எந்தப் பெண்கள்?" என்று கேட்டுப் பழகுங்கள்.

எங்கள் உடம்பைப் பற்றிய கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. 2019-ல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் கேட்டபோது 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. மாதவிடாய் என்று ஒரு நாள் நின்றாலும் மேஸ்திரி அபராதம் போடுவான், அதனால் எடுத்துவிட்டோம் என்றார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2015-16-ல்தான் முதல்முறையாகக் கர்ப்பப்பை அகற்றத்தைக் கணக்கில் எடுத்தது. 15 முதல் 49 வயதுக்குள் நாடு முழுவதும் நூற்றுக்கு 3 பேருக்குச் சற்று மேல். ஆந்திராவில் கிட்டத்தட்ட 9. மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களின் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையின்றி எடுக்கிறார்கள் என்று மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று, இதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. எடுத்து முடித்த பெண்களுக்கு அதற்குப் பிறகு என்ன மருந்து, யார் தருவது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1928-ல் பம்பாய் சட்டசபையில் பேறுகாலப் பலன் மசோதாவை ஆதரித்துப் பேசினார். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோதும் சுரங்கப் பெண்களின் பேறுகாலப் பலனுக்காக வேலை செய்தார். உழைக்கும் பெண்ணின் உடம்பு அரசின் பொறுப்பு என்பதை நாம் அங்கிருந்துதான் கற்றோம். ஆனால் பேறுகாலத்தோடு நாம் நிறுத்திவிட்டோம், அரசும் நிறுத்திவிட்டது. கர்ப்பம் என்றால் கிராமச் செவிலியரின் பதிவேட்டில் பெயர் உண்டு, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு. 45 வயதில் நம் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு அக்கா வீட்டுக்கே வந்து பி.பி. பார்க்கிறார், சர்க்கரை மாத்திரை தருகிறார். நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன். அவர் கையில் இருக்கும் நோட்டில் இன்னும் நான்கு கேள்வி சேர்க்கச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறோம்: மாதவிடாய் எந்த வயதில் நின்றது, தானாகவா ஆபரேஷனாலா, சினைப்பை இருக்கிறதா, நின்ற பிறகு ரத்தம் பட்டதா.

மனுவில் முதல் கையெழுத்து எக்கியார்குப்பத்தில் விசிறி வீசிய அக்காவுடையது. எங்கள் காலனியில் இதுவரை 31 கையெழுத்து. ஆண்கள் யாரும் போடக்கூடாது என்று ஒரு ஆயா கறாராகச் சொல்லிவிட்டார், அவரிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் வட்டார மருத்துவ அலுவலரைப் பார்க்கிறோம். மரக்காணம், திண்டிவனம் பக்கம் இருக்கும் மாணவர்கள், முக்கியமாக நர்சிங் படிப்பவர்கள், கூட வாருங்கள். வருவதற்கு முன்னால் உங்கள் அம்மாவின் ஆபரேஷன் சீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தால் எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் இருக்கும், அவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.